டீ குடிக்காத பெண்

கரியாஹாட் சந்தைக்குப் பின்னால் ஒரு மாடியில் பெண்களுக்கு மட்டுமான ஜிம் இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம் அங்கே வேலை பார்த்தேன். தரை துடைப்பேன், மெஷின் துடைப்பேன். எடை பார்க்க ஏறுகிறவர்களின் பெயருக்கு நேரே எண்ணை எழுதுவேன். ஐந்தாவது வரை படித்தவளுக்கு அது போதும். வீட்டுக்காரர் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கலாசி. பெஹாலாவிலிருந்து பஸ்ஸில் வருவேன். எல்லோருக்கும் நான் மாசி. வங்காளிகளின் இந்த ஊரில் வேலை செய்கிற பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

வருகிறவர்களிடம் விதவிதமான டப்பாக்கள் இருக்கும். காலி டப்பாவைக் குப்பையில் போடுமுன் முகர்ந்து பார்ப்பேன். வெனிலா வாசனை அடித்த ஒரு பவுடரைப் பாலிலிருந்து எடுத்த புரதம் என்றார் பயிற்சி கொடுக்கும் அக்கா; எல்லோருக்கும் அவர் தீதி. பால் வாசனையே இல்லை. எப்படி எடுப்பார்கள் என்று கேட்டேன். தெரியாது என்றார். அதனாலேயே அவரை எனக்குப் பிடித்தது.

அப்போது ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். போலீஸ் வேலைக்கு எழுத்துப் பரீட்சை தேறியிருந்தாள். ஐந்து வாரத்தில் ஓட்டப் பரீட்சை. குறித்த நேரத்துக்குள் ஓடி முடிக்காவிட்டால் வேலை இல்லை. ஐந்து கிலோ குறைந்தால் ஓடிவிடலாம் என்று நினைத்து, கொழுப்பைக் கரைக்கும் கேப்ஸ்யூல் ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தாள்.

இரண்டாவது வாரம், ஓடுகிற மெஷினிலிருந்து இறங்கி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கை நடுங்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். தீதி ஓடி வந்து வங்காளத்தில் கேட்டார்: சாப்பிட்டாயா? சாப்பிட்டேன் என்றாள். டீ நிறையக் குடிப்பாயா? அந்தக் கேப்ஸ்யூலோடு அது ஆகாது.

"டீ குடிக்கவே மாட்டேன், தீதி."

தீதி தண்ணீர் எடுக்கப் போனார். அந்தப் பெண் "ஐயோ அம்மா" என்று முனகினாள்.

"தமிழாம்மா நீ?"

"மாசி, நீங்க தமிழா? இத்தன நாளா சொல்லவே இல்ல!"

"நீ கேக்கல. காலைல என்ன சாப்ட்ட?"

"காபி."

"அப்புறம்?"

"பதினோரு மணிக்கு அம்மா இன்னொண்ணு குடுப்பாங்க. அதோடதான் கேப்ஸ்யூல்."

"சோறு?"

"சோறு தின்னா வெயிட் போடும். பசிச்சா இன்னொரு காபி. ஒரு நாளைக்கு அஞ்சு ஆயிடும். எங்க வீட்ல டிகாஷன் எப்பவும் இருக்கும்."

அவள் பொய் சொல்லவில்லை. காபியையும் நாம் சாப்பிட்டதாகத்தானே சொல்வோம். கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொன்னாள். வங்காளிக்கு டீயைக் கேட்டால் எல்லாம் கேட்டதாகிவிடும். நம் வீடுகளில் ஃபில்டர் சொட்டிக்கொண்டே இருப்பது தீதிக்கு எப்படித் தெரியும்?

அவள் பையிலிருந்த டப்பாவை எடுத்துப் போய்த் தீதியிடம் கொடுத்தேன். என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள் என்றேன். படித்தார். கேஃபின் என்று ஒன்று வந்தது. அது என்ன என்று கேட்டேன். டீயிலும் காபியிலும் இருக்கிற சரக்கு என்றார். இதில் நிறைய இருக்கிறதாம்.

"இவள் ஒரு நாளைக்கு ஐந்து காபி குடிக்கிறாள், தீதி. வெறும் வயிற்றில்."

தீதி அப்போதே அவளைத் தெருமுனை டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் கேப்ஸ்யூலை நிறுத்தச் சொன்னார். ஒரு வாரம் ஓடக்கூடாது. மூன்று வேளையும் சாப்பிட வேண்டும்.

திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "ஒரு வாரம் போச்சு மாசி. வேலையும் போச்சு."

"நெஞ்சு போனா என்ன பண்ணுவ?"

"நல்லா இருக்கு உங்க ஆறுதல்!"

அதற்குப் பிறகு காலையில் மட்டும் ஒரு காபி. அளவாகச் சோறு, பருப்பு, தயிர். தீதி முட்டையும் சொன்னார். அம்மாவுக்குத் தெரியாமல் ஜிம்மிலேயே உரித்துத் தின்றாள். ஓடுகளை நான் பெருக்கினேன். முதல் வாரம் எடை அசையவில்லை. அடுத்த வாரம் அரைக் கிலோ இறங்கியது. இந்த வேகம்தான் நல்லது என்றார் தீதி. கரைந்தது எங்கே போகிறது என்று கேட்டேன். அதுவும் தெரியாது என்றார்.

பரீட்சை முடிந்து நான்கு நாள் கழித்துச் சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு வந்தாள். குறித்த நேரத்துக்குள் ஓடி முடித்துவிட்டாளாம். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே எடை மெஷினில் ஏறினாள். பெட்டியை வாங்கிக்கொண்டு எண்ணைப் பார்த்தேன். சேர்ந்த நாளைவிட ஒன்றரைக் கிலோதான் குறைவு.

"அஞ்சு கிலோ எறங்கவே இல்லையே. அப்புறம் எப்படி மாசி ஓடினேன்?"

"சோறு தின்னுட்டு ஓடின."

எண்ணை எழுதினேன்.