தொட்டி மீன்களும் பக்கத்துக் கம்பெனி ஒப்பந்தமும்

ஒரகடத்தில் வாரத்துக்கு ஒரு கம்பெனி எழும்பிக்கொண்டிருந்த வருஷங்களில், நான் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் சுற்றுச்சூழல் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் நான் ஒருத்திதான். ஜூன் மாதம் சுற்றுச்சூழல் தினத்தன்று எல்லோருக்கும் என் ஞாபகம் வரும். மரக்கன்று நட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். மற்ற நாட்களில் "மேடம், ஏசி கூலிங்கே இல்ல" என்று சொல்லத்தான் என்னைத் தேடி வருவார்கள். அதுவும் சுற்றுச்சூழலில் சேர்த்தி என்று நினைப்பு.

எங்களிடம் பாகங்கள் வாங்கும் பெரிய கம்பெனி திடீரென்று ஒரு நாள், தனக்குச் சப்ளை செய்கிறவர்கள் ஒவ்வொருவரும் இன்னொரு கம்பெனியோடு 'பசுமைக் கூட்டு' வைத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டது. எங்கள் பிளாண்ட் ஹெட் பெண்ணுக்கு வரன் தேடுகிற அப்பா மாதிரி அலைந்தார். கடைசியில் மதில் சுவருக்கு அந்தப் பக்கமே மாப்பிள்ளை இருந்தார். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் தோட்டத்துக்கும் கழிப்பறைகளுக்கும் லாரித் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். எங்களிடமோ சுத்திகரித்த கழிவுநீர் உபரியாக இருந்தது. குழாய் போடுவது அவர்கள், தண்ணீர் தருவது நாங்கள் என்று பேச்சு முடிந்தது. இதைச் சொல்ல பிளாண்ட் ஹெட் தயாரித்த பவர்பாயிண்டில் மட்டும் ஏழெட்டு வகை இலைப் படங்கள் இருந்தன.

கையெழுத்துப் போடும் இடத்தில் பக்கத்துக் கம்பெனி மேனேஜர் பேனாவை மூடிவிட்டார். லேப் ரிப்போர்ட்டில் அவருக்கு நம்பிக்கை இல்லை. "ரிப்போர்ட் எழுதறது மனுஷன்தானேம்மா. மீனை விட்டுப் பாருங்க. ஒரு மாசம் உயிரோட இருந்தா நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். இது அவர் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. எங்கள் பக்கத்தில் பல கம்பெனிகளில் சுத்திகரித்த தண்ணீர் விழுகிற இடத்தில் ஒரு தொட்டி கட்டி மீன் விட்டிருப்பார்கள். ஆடிட்டுக்கு வருகிறவர்கள் எந்திரங்களை எட்டிப் பார்க்காமல் நேரே மீன்களைப் போய்ப் பார்த்துத் தலையாட்டுவார்கள். நாங்களும் தொட்டி கட்டினோம். வாலாஜாபாத்தில் மீன் வாங்கி, கம்பெனி ஜீப்பின் முன்சீட்டில் வைத்துக் கொண்டுவந்தோம். நான் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தேன்.

சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டியவர் சிவகங்கைப் பக்கத்து ஆள், கான்ட்ராக்ட் ஊழியர். பல வருஷம் ரூமில் நாலைந்து பேரோடு படுத்துக் கிடந்துவிட்டு, அந்தக் கோடையில்தான் இருங்காட்டுக்கோட்டையில் தனி வீடு பிடித்து மனைவியையும் மகளையும் ஊரிலிருந்து அழைத்து வந்திருந்தார். மகளை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார். பேச்சுக்குப் பேச்சு "பாப்பா" என்பார்.

முதல் தடவை விட்ட மீன்கள் ஒரு வாரத்தில் மிதந்தன. இரண்டாம் தடவை விட்டவையும் அப்படியே. குழாயில் பிடித்த தண்ணீரை நான் சோதித்தால் எல்லாம் சரியாக இருந்தது. தொட்டியில் மட்டும் மேலே வெள்ளையாக ஏதோ படிந்தது. எனக்குத் தலை சுற்றியது. ரிப்போர்ட்டை நீட்டினால், "மீன் செத்துப்போச்சேம்மா" என்ற ஒரே வாக்கியத்தில் பக்கத்து மேனேஜர் என் நாலு வருஷப் படிப்பை மடித்துக் கொடுத்துவிட்டார். அவர் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை துக்கம் விசாரிக்க வருகிறவர் மாதிரி தொட்டியருகே வந்து நின்றுவிட்டுப் போவார்.

பிளாண்ட் ஹெட்டுக்குப் பழி போட ஓர் ஆள் வேண்டியிருந்தது. "இந்தத் தடவையும் செத்தா ஆப்பரேட்டரை மாத்திடுங்க" என்று கான்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் மதியச் சாப்பாடு இறங்கவில்லை. ஆப்பரேட்டர் பாப்பா பேச்சை மட்டும் நிறுத்திவிட்டார்.

மூன்றாவது தடவை விட்ட மீன்களும் சோர ஆரம்பித்தன. செய்தி சுவர் தாண்டி, மறுநாள் காலையிலேயே பக்கத்து மேனேஜர் வந்துவிட்டார். பிளாண்ட் ஹெட், நான், ஆப்பரேட்டர், கேட் செக்யூரிட்டி, தோட்ட வேலை பார்க்கும் உள்ளூர் அம்மா, எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்றோம். மேனேஜர் தண்ணீரைச் சுட்டிக் காட்டினார்.

"பாருங்க, வெள்ளை வெள்ளையா மிதக்குது. இதுதான் உங்க சுத்திகரிப்பா? இது என்ன கெமிக்கலோ!"

தோட்டத்து அம்மா எட்டிப் பார்த்தார். "அது இட்லி சார்" என்றார்.

 மேனேஜர், தன் கை என்ன செய்கிறது என்று தெரியாமலே, பேன்ட் பாக்கெட்டிலிருந்து பிஸ்கட் ஒன்றை எடுத்து உடைத்துத் தொட்டியில் போட்டார்.

"இன்னா சார், இப்பதானே நான் இட்லி போட்டுகினு நிக்கிறேன், நீ வேற பிஸ்கோத்து போட்ற!" என்று அந்த அம்மா கத்தினார்.

"தினமும் நீங்களா போடுறீங்க? அப்ப நான் போடுற பன்னு?" என்றார் செக்யூரிட்டி. பேச்சுச் சத்தம் கேட்டுக் கேன்டீனிலிருந்து வந்தவர், ஷிஃப்டுக்கு ஷிஃப்டு மிச்சமாகும் பொங்கல் எங்கே போகிறது என்று ஒப்புக்கொண்டார். மூன்று ஷிஃப்டிலும் அவரவர், மற்ற ஷிஃப்டுக்காரர்கள் மீனைப் பட்டினி போடுகிறார்கள் என்ற கவலையில் அவற்றின் வயிற்றை நிரப்பியிருக்கிறார்கள். தின்ன முடியாத மிச்சம் ஊறிப் புளித்து மீன்களை மூச்சுத் திணற வைத்திருக்கிறது. என் ரிப்போர்ட்டில் பொங்கலுக்குத் தனிக் கட்டம் இல்லை.

மேனேஜர் ஆப்பரேட்டரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களுமா?"

"ரெண்டு வாயிதான் சார்," என்றார் அவர், தலையைத் தூக்காமல். "நான் திங்கயில அதுக என்னையவே பாத்துக்கிட்டு இருக்கும். எப்பிடி சார் போடாம இருக்க?"

மேனேஜருக்குச் சிரிப்பு வந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையிலிருந்த பாதி பிஸ்கட்டைப் பாக்கெட்டிலேயே திரும்ப வைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "சார், மீன் சோருதுன்னதுமே கான்ட்ராக்டர் இவரை நாளையிலிருந்து வர வேண்டாம்னு சொல்லிட்டார். வேற ஆள் கேட்ல வந்து நிக்கிறான்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது. பிளாண்ட் ஹெட் என்னை முறைத்தார்.

"எதுக்கு?" என்றார் மேனேஜர், சிரிப்பு அடங்கி. "மீனுக்குச் சோறு போட்டதுக்கா? அப்ப என்னையும் சேர்த்துத்தான் மாத்தணும். இவரே இருக்கட்டும். இனிமே இவர் ஒருத்தர்தான் மீனுக்குப் போடணும், அதுவும் மீன் தீனி மட்டும்." பிளாண்ட் ஹெட் தான் முதலிலிருந்தே அதைத்தான் நினைத்ததாகச் சொல்லிவிட்டு, கேட்டில் நின்ற ஆளைப் பக்கத்து ஷெட்டுக்கு அனுப்பச் சொன்னார். தொட்டியைக் கழுவி வேறு மீன்கள் விட்டோம். மாதம் முடிந்தது, கையெழுத்தானது, எங்கள் தண்ணீர் சுவர் தாண்டிப் போனது. பெரிய கம்பெனி ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தது. அதில் ஒரு மரம் இருந்ததே தவிர மீன் இல்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு எல்லோரும் கலைந்து போன பின், நான் சாம்பிள் பாட்டில்களை எடுத்துக்கொண்டிருந்தேன். ஆப்பரேட்டர் பம்ப் அறைக்குப் பின்னால் போய் நின்று போன் பேசினார். மோட்டார் சத்தத்தில் அவர் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"ஏய், கேக்குதா? ஊருக்கெல்லாம் போக வேணாம். பாப்பாவோட யூனிஃபார்ம் துணிய இன்னைக்கே தைக்கக் குடுத்துரு."