மேகத்துக்கு வைத்த கமரா

நாங்கள் யுத்தம் நடந்த ஒட்டுசுட்டானில் கச்சான், அதாவது நிலக்கடலை, செய்கிறோம். மேகங்கள் நகர்வதைச் சிறிய கமராவில் எடுத்து, வேகமாக ஓடவிட்டுப் பார்ப்பதில் எனக்கு ஒரு பைத்தியம். கமரா பத்து வினாடிக்கு ஒரு படம் தானாக எடுக்கும். எடுக்கும்போதெல்லாம் சிவப்பு லைட் மினுங்கும்.

அன்று காலை வீட்டுக்கு வரும் ஒழுங்கையும் தோட்டமும் வானமும் தெரிய அதை வேலிக் கட்டையில் வைத்து, கறுப்பு டேப்பும் கட்டுக்கம்பியும் சுற்றிவிட்டுச் சந்தைக்குப் போனேன். யாருக்கும் சொல்லவில்லை.

மூன்று மணித்தியாலம் கழித்துத் திரும்பினால் ஒழுங்கைக்குக் குறுக்கே கயிறு. பக்கத்துக் காணி ஜப்பார் நானா கையை விரித்து மறித்தார்.

“தங்கச்சி, அங்கால போகாதேங்கோ. வேலியில ஒரு பெட்டி, கம்பி சுத்திக் கிடக்கு. லைட் விட்டு விட்டு எரியுது. கண்ணிவெடி எடுக்கிற ஆக்களுக்குச் சொல்லிப்போட்டன்.”

“நானா, அது என்ர கமரா.”

அவர் அப்படியே மண்ணில் இருந்துவிட்டார். “ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே” என்றார். பிறகு, வரவேண்டாம் என்று அவரே போனில் சொன்னார்.

பின்னேரம் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். மூன்று மணித்தியாலம் அரை நிமிடமாகச் சுருங்கியிருந்தது. மேலே மேகங்கள் ஓடின. கீழே நீலச் சாரத்தோடு நானா சின்னதாகத் தெரிந்தார். மாட்டையும் சைக்கிள்காரரையும் பிள்ளைகளையும் ஓடி ஓடித் திருப்பி அனுப்பினார். மேகங்கள் எல்லாம் போய்விட்டன, அவர் மட்டும் போகவில்லை. அவருக்கும் காட்டினேன்.

இப்போது கமராவோடு என் பெயர் எழுதிய மஞ்சள் மட்டையும் தொங்குகிறது. கட்டுவதற்கு முன் அயலுக்குச் சொல்கிறேன். போன கிழமை சொல்லப் போனபோது நானா தலைவாரிக்கொண்டு வந்தார்.

“இண்டைக்கு ஓடித்திரிய மாட்டன். வடிவா நிக்கிறன், எடுங்கோ.”