குட்டை ஸ்பிரிங்கும் கரடியூர் மண்பாதையும்

என் மனைவியின் அண்ணனைப் பழிவாங்கத்தான் என் சின்ன காருக்கு ஸ்பிரிங் மாற்றினேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஏற்காடு மலை வளைவுகளில் என் கார் ஒரு பக்கமாகச் சாயும். மச்சான் விருந்து தவறாமல், "மாப்ள வண்டி சாமி வந்த மாதிரி ஆடுதுங்க" என்று பந்தியையே சிரிக்க வைப்பார். 

வண்டியைத் தாழ்த்திச் சாயாமல் பிடிக்கும் குட்டை ஸ்பிரிங்கில் சேலத்துக் கடைக்காரர் இரண்டு வகை எடுத்து வைத்தார். "ஏனுங்க, மேல மண் ரோடுங்களா? அப்பக் கொஞ்சம் குட்டையே போதுங்க. நொம்பக் குட்டை வேண்டாங்க."

இருப்பதிலேயே குட்டையானதை மாட்டச் சொன்னேன்.

அடுத்த வாரம் சேலத்தில் ஒரு கல்யாணம். திரும்பும்போது மலை வளைவுகளில் மச்சான் என்னிடம் பின்தங்கித் தோற்பதை எல்லோரும் பார்க்கட்டும் என்று மாமனார், மாமியார், மனைவி, அவள் சித்தி அத்தனை பேரையும் என் காரிலேயே ஏற்றிக்கொண்டேன். வளைவுகளில் கார் சாயவே இல்லை. பின்னால் மச்சானின் கார் கண்ணாடியில் சிறுத்துக்கொண்டே போனது. எனக்குள் கெட்டிமேளம் கொட்டியது.

மலைமேல் கரடியூரில் மாமனார் வீட்டுக்குப் போகும் மண்பாதையில், பாரத்தால் தாழ்ந்திருந்த காரின் அடிவயிறு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டது.

மச்சான் வந்து குனிந்து பார்த்தார். "எல்லாரும் எறங்குங்க. நம்ம ஊட்டப் பாத்ததும் மாப்ள வண்டி கால்ல உழுந்துருச்சு!"

அவர்கள் இறங்கியதும் கார் கல்லைவிட்டு எழுந்தது. மச்சான் எல்லோரையும் தன் காரில் ஏற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டார். மாமியார் எனக்குக் கையசைத்தார்.

கடைசி வளைவில் என் காலி கார் துளியும் சாயாமல் திரும்பியது. பார்க்கத்தான் யாருமில்லை. ஜெயிப்பதைவிட, அவர் தோற்பதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்றுதான் அலைந்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

மச்சான்மேல் கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.