ஒப்பாரியில் ஒரு பேர்

குருநாதனுக்குப் பெரம்பலூரில் வீடியோ கடை. கடைக்குப் பின்னால் ஓர் அறை, அதுதான் வீடு. படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவைப் பல வருடம் புரட்டிப் போட்டு, முதுகில் புண் வராமல் பார்த்துக்கொண்டவர். அதில் கல்யாண வயது கடந்துபோனது. அதைச் சொல்லிப் புலம்பியதில்லை. அப்பா போனபின் சாப்பிடும்போதும் காதில் ஹெட்போன்தான். எடிட்டிங்குக்கு வந்த கல்யாணங்களில் யாரோ யாரையோ பந்திக்குக் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடிப்பார்.

2007இல் தா.பழூர் பக்கம் ஆண்டாயி என்ற அம்மாள் இறந்தாள். மகன் முத்துவேல் குவைத்தில் இருந்தான். வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து யாரும் அவனோடு பேசுவதில்லை. லீவும் கிடைக்கவில்லை. நண்பன் ஒருவன் மூலம் குருநாதனைப் பிடித்து, சாவைப் படம் எடுத்து இன்டர்நெட்டில் ஏற்றச் சொன்னான். ஏற்றினார். மறுநாளே போன் வந்தது.

"அண்ணே, படம் நல்லாத் தெரியுது. அக்கா அழுவுறதுதான் கெணத்துக்குள்ளேருந்து கேக்குற மாரி இருக்கு. ஒரு வார்த்தை வெளங்கல."

"மேளம் பக்கத்துலயே அடிச்சாங்க தம்பி."

"எம் பேரச் சொல்லுதாண்ணே? எனக்கு அதான் தெரியணும்."

குருநாதனுக்கு விளங்கியது. அந்தப் பக்கம் மகள் ஒப்பாரி வைத்தால், செத்தவளின் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி அழுவாள். வர முடியாதவனையும் விடமாட்டாள். பேரை விட்டால் உறவையும் விட்டதாகத்தான் ஊர் எடுத்துக்கொள்ளும்.

தப்பு தன்னுடையது என்று அவருக்குத் தெரியும். கடைக்காரர்கள் வழக்கப்படி வீட்டுக்குக் கொடுக்கும் சிடியிலிருந்தே இன்டர்நெட்டுக்கும் எடுத்துவிட்டார். சிடிக்காக ஒருமுறை நசுக்கிச் சிறிதாக்கிய சத்தத்தை மறுபடியும் நசுக்கினால் குரலில் என்ன மிஞ்சும்? போதாததற்கு, சாவு வீடியோ என்றால் போடும் சோகப் புல்லாங்குழலையும் அடியில் ஓடவிட்டிருந்தார்.

கேமரா கேசட்டை எடுத்து முதலிலிருந்து தொடங்கினார். புல்லாங்குழலை நீக்கினார். மேளத்தின் அடிச்சத்தத்தைக் குறைத்தார். கேமரா மைக் இரண்டு தடமாகப் பிடித்ததை ஒரே தடமாக்கி, படத்தையும் சின்னதாக்கி, அதில் மிச்சமான இடம் முழுவதையும் சத்தத்துக்குக் கொடுத்தார். சேற்றைக் கழுவினாற்போல அக்கா ராசாத்தியின் குரல் எழுந்தது.

பெரியண்ணன் பேர் வந்தது. மருமகள் பேர், அரியலூரில் படிக்கும் பேரப்பிள்ளையின் பேர். கொட்டகையில் நிற்கும் மாட்டைக்கூடச் செல்லப்பேர் சொல்லிக் கூப்பிட்டு, இனி யார் உனக்குத் தண்ணி காட்டுவார் என்று அழுதாள். முத்துவேல் பேர் வரவில்லை. குருநாதன் திரும்பத் திரும்ப ஓட்டினார். எங்குமே இல்லை.

சத்தம் இதற்குமேல் தெளியாது என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அவன் கேட்டது தெளிவான சத்தம். ஏற்றிவிட்டார்.

போன் வந்தது.

"நல்லாக் கேக்குதுண்ணே," என்றான் முத்துவேல். "மாட்டுக்குக் கெடைச்ச எடம் எனக்கு இல்லாமப் போச்சு பாத்தீங்களா."

"அழுவையில வுட்டுருக்கும் தம்பி. மனசுல வச்சிருக்கும்."

"வுடுற ஆளா அது? சுடுகாட்டுக்கு வந்த நாயக்கூட எண்ணி வச்சிருக்கும்." சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "அண்ணே, இங்க ரூம்ல எல்லாம் நம்ம பக்கத்து ஆளுங்க. எங்கம்மாளப் பாக்கணுமின்னு கேட்டுக்கிட்டே இருக்கானுங்க. சத்தத்த எடுத்துட்டுப் படத்த மட்டும் ஏத்துங்க."

"மொத்தமாவா?"

"மொத்தமா."

எடுத்தார். சத்தமில்லாத படம் சீக்கிரமே ஏறிவிட்டது. போனில் சொன்னார். முத்துவேல் போனை வைக்காமலே படத்தைத் திறந்தான். பின்னால் பலர் கூடும் அரவம் கேட்டது.

"என்னடா, சத்தத்தயே காணோம்?" என்றது ஒரு குரல்.

"படம் புடிச்சவரு மைக்க மறந்துட்டாராம்டா," என்றான் முத்துவேல். "இல்லீங்களாண்ணே?"

"ஆமாந் தம்பி," என்றார் குருநாதன். "மறந்துட்டேன்."