ஒரு விரல் மீகூன்

சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கோலாலம்பூரில் பஸ் ஏறினேன். மலை மேலிருக்கும் தானா ராத்தாவுக்கு டிக்கெட் முப்பத்தைந்து ரிங்கிட். தாப்பா வரை நேர்ச்சாலை. அங்கிருந்து மேலே ஏறும் அறுபது கிலோமீட்டரும் வளைவுகள்தான். பாதி வழியில் வயிறு என்னைக் கைவிட்டது. பக்கத்து இருக்கைச் சீன அம்மாள் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கேமரன் மலைக்கு நான் வந்து சேர்ந்த அழகு இது.

திருச்சியில் மொழியியல் படிக்கிற நான், ஒரு பருவத்துக்கு பரிமாற்ற மாணவியாக மலேசியா வந்திருக்கிறேன். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் இயல்பாகப் பேசும் தமிழை ஒரு மணி நேரம் பதிவு செய்து திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்தப் பாடத்தில் தேற முடியாது. விடுதி அறைத்தோழி கவிதாதான், "எங்க அத்தை வீட்டுக்குப் போ லா, வாய மூடவே மாட்டாங்க" என்று அனுப்பிவைத்தாள். இங்கே பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.

பஸ் நிலையத்துக்கு அந்த அத்தையின் கணவர் சேகர் மாமா வந்திருந்தார். திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிப்போகும் லோரி ஓட்டுகிறவர். அந்த லோரியிலேயே தோட்டத்துக்குப் போனோம். விஜயா அத்தைக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. வீடு, சரிவுக்குக் கீழே தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லைன் வீடுகளில் ஒன்று.

மத்தியானம் போனை மேசையில் வைத்துப் பதிவை அழுத்தினேன். அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"வணக்கம். எனது பெயர் விஜயா. நான் தேயிலைத் தொழிற்சாலையில் பணிபுரிகிறேன்."

எனக்குச் செய்தி கேட்கிற மாதிரி இருந்தது. பதிவை நிறுத்தினேன். உடனே அவர் உள்ளே திரும்பி, "என்னாங்க, அடுப்பு கேஸு முடிஞ்சிருச்சி, டவுனுக்குப் போய்ட்டு வாங்க லா!" என்றார். அவசரமாக மறுபடி அழுத்தினேன். "எங்கள் ஊர் மிகவும் குளிர்ச்சியான ஊர்" என்றார்.

ஏன் அத்தை இப்படி என்று கேட்டே விட்டேன். "நீ இந்தியாவுலேருந்து வந்த பிள்ள. எங்க தமிழுல மலாயும் இங்கிலீஷும் கலந்து கெடக்கு. பதிஞ்சி வச்சி அங்க சிரிப்பாங்க." யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை.

இன்னொரு குழப்பமும் இருந்தது. மாமா டவுனுக்குக் கிளம்பும்போது அத்தை பொரித்த வாழைப்பழத்தை நீட்டினார். மாமா, "வேணா" என்று சொல்லி, ஒரு விரலால் அதைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்துக்கொண்டு போய்விட்டார். சூடு பார்க்கிறாராக்கும் என்று நினைத்தேன். சாயங்காலம் வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதையே செய்தாள். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டியதுதானே, அதென்ன விரல்?

நான் "வேண்டாம்" என்றபோது அத்தை வற்புறுத்தவில்லை. எங்கள் ஊரில் முதல் வேண்டாம் ஒப்புக்குத்தான், மூன்றாவதற்குத்தான் மரியாதை. இவர் தட்டைப் பிடித்தபடி என் விரல்களையே பார்த்தார். நகத்தில் அழுக்கோ என்று நானும் பார்த்தேன். கடைசியில் வெட்கப்பட்டு ஒன்றை எடுத்துத் தின்றேன்.

ஞாயிறு மத்தியானம் ஒரு மணிக்குப் பஸ். பதிவில் இருந்ததெல்லாம் செய்தி வாசிப்புதான். எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தது. அத்தை ஒரு தட்டு மீகூன், நம் அரிசிச் சேமியா மாதிரி, பிரட்டி எடுத்துவந்தார். இறங்கும்போதும் அதே வளைவுகள்தான். "வேண்டாம் அத்தை" என்று பையை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டேன்.

"ஏய் பிள்ள! தொட்டுட்டுப் போ லா!"

அத்தை தட்டோடு பின்னாலேயே ஓடிவந்தார். "போன வருசம் இவரு இப்படித்தான் நாசி லெமாக் சோத்த வேணாம்னுட்டு ஓடுனாரு. லோரி வளைவுல சாஞ்சி, காலு ஒடஞ்சி கெடந்தாரு! நீயும் பஸ்ஸுல போவ, நா இங்க உசுர கையில புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கணுமா? தின்ன வேணா. ஒரு வெரலு லா, ஒரு வெரலு!"

இரண்டு நாளாக நான் தேடிய பேச்சு அத்தனையும் ஒரே மூச்சில் கொட்டியது. போன் பையின் அடியில் கிடந்தது. எடுக்கத் தோன்றவில்லை. மீகூனைத் தொட்டு விரலை உதட்டில் வைத்தேன். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மலாய்க்காரவங்க கெம்புனான்னு சொல்வாங்க" என்றார் மாமா, பஸ் நிலையத்துக்குப் போகும் லோரியில். "குடுத்த சாப்பாட்ட வேணாம்னுட்டு ரோட்டுல எறங்குனா ஆபத்து வரும்னு. நாங்களும் தொட்டுக்குவோம்."

திருச்சியில் அம்மா மூன்று முறை கெஞ்சுவாள், பிறகு கோபித்துக்கொள்வாள். இங்கே ஒரு விரல் போதும். பஸ்ஸில் இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். வாந்தி வரவில்லை.

ஆறு மணிக்கு விடுதி வந்ததும் அத்தையைக் கூப்பிட்டேன். "வந்துட்டியா? நா சாமிகிட்ட வெளக்கு ஏத்திட்டு ஒக்காந்திருக்கேன் லா!" என்று ஆரம்பித்தார். நாளைதான் கடைசி நாள். ஆசை விடவில்லை. "அத்தை, இதைப் பதிவு பண்ணிக்கட்டுமா?" என்றேன்.

தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது. "வணக்கம். எனது பெயர் விஜயா."

பாடம் போனால் போகட்டும் என்று சொல்லும் தைரியம் எனக்குக் கிடையாது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பதிவை நிறுத்திவிட்டு, "அணைச்சிட்டேன் அத்தை, நீங்க சாப்டாச்சா?" என்று கேட்டேன். அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தோம்.