திருப்பித் தரவேண்டிய தண்ணீர்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைக் கேட்டவர்களுக்கும் சொல்வேன், கேட்காதவர்களுக்கும் சொல்வேன். ரேஷன் அட்டை, கரண்ட் பில், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று தாராவியில் எங்கள் சந்தின் காகிதங்கள் எல்லாம் என் கைக்கு வந்துவிட்டுத்தான் வேறெங்கும் போகும். அதனால் இயேசுவை நம்புவது என்ற காரியத்தையும் படித்தவளுக்குரிய பந்தாவோடுதான் தொடங்கினேன். ஒரு வருடம் போதகரைக் கேள்வி கேட்டே களைக்க வைத்தேன். பிறகு ஒருநாள் வேலை முடிந்து லோக்கல் ரயிலில் நசுங்கிக்கொண்டு வரும்போது கவனித்தேன்: கேள்விகள் எல்லாம் அப்படியே இருந்தன, நம்பிக்கையும் வந்து உட்கார்ந்திருந்தது. எந்த ஸ்டேஷனில் ஏறியது என்று தெரியவில்லை.

எங்கள் சபை ஒரு தோல் பை பட்டறைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறை. பரிசுத்த ஆவிக்கு முன்னால் பசை வாசனை வந்துவிடும். ஞானஸ்நானம் எடுக்கிறேன் என்று போய் நின்றபோது, போதகருக்கு என்னிடம் ஒரே ஒரு குறைதான் தெரிந்தது.

"சிஸ்டர், எல்லாத்தையும் கர்த்தர்கிட்ட குடுத்துட்டீங்க. மூளைய மட்டும் கையில வச்சிருக்கீங்க."

ஞானஸ்நானம் வரைக்குமாவது எதையும் நானே திட்டம் போடாமல், கர்த்தர் நடத்துகிறபடி நடக்க வேண்டுமாம். சரி என்றேன். ஒப்புக்கொடுப்பதிலும் சபையில் நான்தான் முதலாவதாக வருவேன் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அடுத்து அம்மா. கார்மெண்ட் பட்டறையில் துணிகளுக்கு நூல் வெட்டுவது அவள் வேலை. எங்கள் சந்தின் தண்ணீர்க் குழாயை ஆள்வது அவள் பதவி; யாரும் ஓட்டுப் போட்டதில்லை, யாரும் எதிர்த்ததுமில்லை. அவளுக்கு முத்தாரம்மன் போதும். அழுவாள் என்று நினைத்து ஆறுதல் வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் அழவில்லை, பந்தயம் கட்டினாள்.

"ஞாயித்துக்கெழம முங்குதேன்னு சொல்லுதல்லா? உன் சாமி அன்னைக்கு முங்க வச்சிட்டா நான் இதப்பத்தி வாயே தொறக்கல. நடக்கலன்னா அதுக்கப்புறம் நீ சர்ச்சுன்னு வாய் தொறக்கப்படாது."

சம்மதம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இதுக்காக உங்கிட்ட ஒண்ணும் கேட்டு வந்து நிக்க மாட்டேன்" என்றும் சொல்லி வைத்தேன்.

அந்த வாரமே மாநகராட்சியின் அறிவிப்பு மராத்தியில் என் போனுக்கு வந்தது. குழாய் பழுதுபார்க்கும் வேலை. சனியும் ஞாயிறும் தண்ணீர் கிடையாது. பழைய நான் என்றால் அன்றைக்கே சபையின் ஞானஸ்நானத் தொட்டியை நிரப்பி, மூடி போட்டு, மேலே ஒரு கல்லும் வைத்திருப்பேன். புதிய நான் போதகரிடம் சொல்லிவிட்டுக் கைகட்டி நின்றேன். செங்கடலைப் பிளந்தவர் நம்மைக் கைவிடுவாரா என்று சிரித்தார். செங்கடலில் பிரச்சினை, தண்ணீர் அதிகமாக இருந்ததுதான். இங்கே பிரச்சினை அதுவல்ல. இதைச் சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் மூளையை ஒப்புக்கொடுத்தாயிற்றே.

ஞாயிறு காலை, பட்டறை வாசலில் தொட்டி தயாராக இருந்தது. பழைய பிளாஸ்டிக் சாமான் வாங்கும் கிடங்கிலிருந்து வாங்கி, மேல்பாகத்தை அறுத்தெடுத்த நீலத் தண்ணீர் டாங்கி அது. வெள்ளைச் சுடிதாரில் நானும் தயாராக இருந்தேன். தொட்டிக்குள் ஒரு சாக்லேட் காகிதம் மட்டும் கிடந்தது. சபையார் பாடினார்கள். தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்ததும் முதல் பாட்டுக்குத் திரும்பினார்கள். ஒருவர் பிஸ்லேரி பாட்டிலைத் தூக்கிக் காட்டி, தெளித்தால் போதாதா என்று கேட்டார். தெளிப்பதெல்லாம் வேறு சபைக்காரர்கள் செய்வது என்று போதகர் அவரை ஒரு பார்வையிலேயே உட்கார வைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த மாதம்தான் கர்த்தருடைய சித்தம் போலிருக்கிறது என்றார். அந்தச் சித்தம் அவ்வளவு சீக்கிரம் தேதி மாற்றிக்கொள்ளும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அடுத்த மாதம் என்றால் பந்தயம் போயிற்று. அதன்பின் அம்மா முன்னால் இந்தப் பேச்சையே எடுக்க முடியாது. கண்ணை மூடி ஜெபித்தேன். வழி காட்டும் என்று உண்மையாகவே கேட்டேன். ஒரு டேங்கர் லாரியைத்தான் எதிர்பார்த்தேன். கண்ணுக்குள் வந்ததோ எங்கள் வீட்டு மோரி. குளிக்கவும் துவைக்கவும் இருக்கும் அந்த மூலையில் அம்மா வெள்ளிக்கிழமையே நிரப்பி மூடி வைத்த டிரம்கள். வேறு வழி ஏதாவது உண்டா என்று மறுபடி கேட்டேன். பதில் இல்லை. அவர் முதல் தடவையே சொல்லியாயிற்று.

வெள்ளைச் சுடிதாரோடு சந்துக்குள் நடந்தேன். அம்மா வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி, வெள்ளையும் சொள்ளையுமா வந்து நிக்க? உங்க சாமி பைப்பத் தொறக்கலியா?"

"யம்மா, தண்ணி வேணும்."

அவள் சும்மா இருந்தாலே ஜெயித்திருப்பாள். வெங்காயத்தைக் கீழே வைத்தாள். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம்: தண்ணீர் என்று கேட்டு வந்தவருக்கு இல்லை என்று சொல்ல மாட்டார்கள். குழாயடியில் வருடக்கணக்காகத் தன்னோடு சண்டை போடும் எதிர்வீட்டுக்காரிக்குக்கூட அம்மா ஊற்றிக் கொடுப்பாள். குடம் நிறையும் வரை வாய் ஓயும், நிறைந்ததும் சண்டை விட்ட இடத்திலிருந்து தொடரும்.

"தண்ணின்னு வந்தவளுக்கு இல்லன்னு எந்தக் காலத்துலட்டி சொன்னேன்" என்று எழுந்தாள். "குடிக்கித தண்ணியத் தொடப்படாது. முங்கி முடிச்சதும் அம்புட்டையும் திருப்பித் தரணும். அழுக்குத் துணி மலையாக் கெடக்கு."

அதே நிபந்தனையில் சந்து முழுவதிடமும் அவளே கேட்டு வாங்கினாள். எதிர்வீட்டுக்காரியும் கொடுத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. முத்தாரம்மனுக்குக் கொடை கொடுக்கிறவர்கள் குடம் குடமாகச் சுமந்து வந்து சபைத் தொட்டியில் ஊற்றினார்கள். அப்படியும் பாதிதான் நிறைந்தது. முட்டிபோட்டு உட்கார்ந்தால் முங்கலாம். முட்டி போட்டேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டாயா என்று போதகர் கேட்டார். அம்மா முன்னால் நின்று கேட்டதற்குப் பிறகு விடுவதற்கு என்னிடம் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. ஆம் என்றேன். தண்ணீர் காதை மூடியது.

நான் தலையைத் துவட்டுவதற்குள் போதகர் சாட்சி சொல்ல ஆரம்பித்துவிட்டார். வறண்ட தொட்டியைக் கர்த்தர் நிரப்பினாராம்.

"எங்கம்மாவ வச்சு நிரப்புனாரு பாஸ்டர்" என்றேன்.

ஆமென் என்றார். அவரிடம் நான் கேட்ட ஆமென்களிலேயே சத்தம் குறைந்தது அதுதான். ஆனால் நான் அதைக் கிண்டலுக்குச் சொல்லவில்லை. வழி காட்டும் என்று கேட்டேன். எனக்குக் கடைசியாகப் போக விருப்பமிருந்த வாசலைக் காட்டினார். அன்றிலிருந்து வழி கேட்கும்போதெல்லாம் கொஞ்சம் பயந்துகொண்டுதான் கேட்கிறேன்.

கூட்டம் கலைவதற்குள் அம்மா வாளியோடு வந்துவிட்டாள். கலக்காமல் மொள்ளச் சொல்லி, சபை மூப்பர்களை வரிசையில் நிறுத்தி வேலை வாங்கினாள். போதகரும் ஒரு வாளி தூக்கினார். என் பழைய வாழ்க்கையை எந்தத் தண்ணீரில் அடக்கம் பண்ணினேனோ, அதிலேயே அன்று மாலை என் ஆபீஸ் துணிகள் ஊறின.

பந்தயத்தில் தோற்றவள் வாய் திறக்கவில்லை. சாப்பிடும்வரை திறக்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு, கொடியில் தொங்கிய என் குர்த்தாவைப் பார்த்தபடி, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்:

"அடுத்து முங்குதவுகள, முன்கூட்டியே எங்கிட்ட சொல்லச் சொல்லு."