சிவப்புத் துணி கட்டிய குடம்

ஆளில்லாமல் நிற்கும் குடத்தை இன்றும் நான் தாண்டிப் போகமாட்டேன்.

எனக்குக் கலியாணமாகித் தளியிலிருந்து ஓசூருக்கு வந்த வருஷம், கோடையில் வற்றாத பொதுக்கிணறு ஒன்றுதான். விடிந்ததும் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். குடம் இருந்தால் ஆள் இருப்பதாகக் கணக்கு. பின்னால் இருப்பவள் முன் குடத்தை நகர்த்தி வைப்பாளே தவிர, தாண்டிப் போகமாட்டாள்.

மழை பொய்த்து, ஊத்தங்கரைப் பக்கமிருந்து ரோட்டு வேலைக்குக் குடும்பங்கள் வந்து இறங்கின. அவர்கள் குடங்களும் வரிசையில் சேர்ந்ததும் ஊர் கொதித்துக் கூட்டம் போட்டது.

என் மாமனார் பஞ்சாயத்து மெம்பர். "ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரிய ஓட்டுன கதையா இருக்குது. வரி கட்டறது நாம, தண்ணி அவங்களுக்கா?" என்றார்.

பள்ளிக்கூட வாத்தியார் விடவில்லை. "அவங்க கல்லு ஒடைச்சுப் போடற ரோட்டுலதானுங்க நம்ம மூட்டை சந்தைக்குப் போகப்போகுது. கூலியயும் நம்ம கடையிலதானே செலவு பண்றாங்க?"

தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுந்த கூச்சலில் வாத்தியார் அமுங்கிப் போனார். தளியிலிருந்து வந்த என்னை மட்டும் யாரும் வந்தவள் என்று சொல்லவில்லை. மருமகள் தண்ணீர் சேந்துகிறவள் அல்லவா! கடைசியில் மாமனார் சொன்னபடியே தீர்ந்தது: ஊர்க் குடங்கள் எல்லாம் நிரம்பிய பிறகே வந்தவர்கள் குடம்.

அதன் பிறகு அவர்கள் குடங்கள் அசையவே இல்லை. ஊர்க் குடம் ஒன்று நிரம்பினால் இன்னொன்று வந்து முன்னால் உட்காரும். அவர்களில் என் வயதுக்காரி ஒருத்தி, தன் குடத்தின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருப்பாள். ஒருநாள் வெயில் ஏறியதும் என்னிடம் வந்தாள்.

"கொடம் இருக்கட்டும்க்கா, பாத்துக்கங்க. வீட்டுக்காரருக்குக் காய்ச்சலு. வாய நனைக்கவாவது கொண்டு போறேன்" என்று சொம்போடு கல்குட்டைக்குப் போனாள். சறுக்குப் பாறை என்று ஊர்ப் பெண்கள் அந்தப் பக்கமே போகமாட்டோம். அவளுக்கு அது தெரியாது. சாயங்காலம் அவளைத் தூக்கி வந்தார்கள்.

மறுநாள் காலையில் அந்தக் குடம் அங்கேயே நின்றது. அதைத் தொடவும் பயம், தாண்டவும் பயம். என் மாமியார் அதுவரை புருஷன் பேச்சை மீறியறியாதவர். அவர்தான் அதைத் தூக்கி எல்லாக் குடத்துக்கும் முன்னால் வைத்தார். அழுதுகொண்டே இருவரும் சேந்தி ஊற்றினோம். நிரம்பிய பிறகும் யாரும் தன் குடத்தை நகர்த்தவில்லை.

கால் கழுவ வந்த மாமனார் வரிசை அப்படியே நிற்பதைப் பார்த்துக் கத்தினார். "யாரு கொடம் இது? நெறஞ்சா எடுத்துக்கிட்டுப் போறதுதானே? ஆளு எங்க?"

மாமியார் கயிற்றை விடாமல் சொன்னார்:

"வரமாட்டாளுங்க. ஆனா கொடம் இருந்தா ஆளு இருக்கறதாத்தானே கணக்கு?"